சிவப்புக் காலணியோடு ஒரு வழியனுப்பு

சென்ற இதழில் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினைப் பற்றி ஒரு பதிலுக்கிடையே இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது ரசிகர்கள் துக்கம் கொண்டாடிய விதத்தைப் பற்றியே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘சோல்’ என்பது என்ன வகை இசை? ஒரு பாடகியின் மறைவுக்கு ஒரு நகரமே தெருவுக்கு வந்து நின்றதற்கு அவருடைய குரல் மட்டுமா காரணம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடல்களில் உள்ள உருக்கத்தையும் குரல் நெளிவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கடவுளைப் பற்றிய சொற்கள் இருந்த இடத்தில் காதலையும் பிரிவையும் அன்றாட வாழ்க்கையின் பாடுகளையும் வைத்தால் கிடைப்பது சோல். 1950களில் உருவாகி, அடுத்த பத்தாண்டில் அது உச்சத்தைத் தொட்டது. அரீத்தா 1942 மார்ச் 25 அன்று மெம்ஃபிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அவருடைய தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் அந்நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர்; அவர் ஆற்றிய பிரசங்கங்களே இசைத்தட்டுகளாக வெளிவந்து விற்பனையானவை. மகள் பாடிப் பழகியது அந்த ஆலயத்தில்தான். பிற்காலத்தில் அவர் எந்த மேடையில் எந்தக் காதல் பாட்டைப் பாடினாலும் அடியில் ஒலித்தது அந்த ஆலயத்தின் குரலே.

ஆனால் குரல் மட்டும் காரணமன்று என்று தாங்கள் ஐயுறுவது சரியே. டெட்ராய்ட், கார்த் தொழிலால் வளர்ந்து அந்தத் தொழில் தேய்ந்ததால் நொடித்துப்போன நகரம். வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்நகரின் இசைப் பெருமையாக இருந்த மோட்டவுன் நிறுவனமே 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அரீத்தாவும் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர்தான். 1979இல் வீடு புகுந்த திருடர்கள் அவருடைய தந்தையைச் சுட்டுவிட, அவர் ஐந்தாண்டுகள் நினைவிழந்து கிடந்து 1984இல் இறந்தார். அந்தத் தந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பிய மகள் அதன்பின் டெட்ராய்ட்டை விட்டுப் போகவில்லை. 2018 ஆகஸ்ட் 16 அன்று, கணையத்தில் தோன்றிய ஒருவகைப் புற்றுநோயால் அவர் உயிர் பிரிந்ததும் அந்நகரில் இருந்த அவருடைய வீட்டில்தான். எல்லாரும் போய்விட்ட ஊரில் தங்கியிருந்தவர் என்பதால், வரிசையில் நின்றவர்களில் பலருக்கு அவர் நட்சத்திரமாக இருந்த அளவுக்கு அண்டை வீட்டுக்காரராகவும் இருந்தார். அவர் கவலைக்கிடமாக இருக்கிறார் என்ற செய்தி வெளியானபோது, நியூ பெத்தேல் ஆலயத்தில் விடியுமுன்பே கூடி அவருக்காக வேண்டிக்கொண்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி: பூதவுடலுக்கு நாளுக்கொரு உடை மாற்றினார்கள் என்று படித்து முகம் சுளித்தேன். இது துக்கமா, ஆடம்பரமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் படித்தபோது நானும் முகம் சுளித்தவன்தான். நடந்ததை வரிசையாகப் பார்த்தபின் என் எண்ணம் மாறியது. ஆகஸ்ட் 28, 29 ஆகிய இரு நாள்கள் டெட்ராய்ட்டில் உள்ள சார்லஸ் எச். ரைட் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய உடல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தங்க முலாம் பூசிய பேழைக்குள் முதல் நாள் சிவப்பு உடை. கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு, குதி உயர்ந்த சிவப்புக் காலணிகள் வெளியே தெரியும்படி கிடத்தியிருந்தார்கள். அந்தச் சிவப்பு, அவர் கௌரவ உறுப்பினராக இருந்த டெல்டா சிக்மா தீட்டா என்னும் கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் நிறம். அச்சங்கத்தினர் அன்று மாலை அங்கேயே வந்து தங்கள் முறைப்படி உறுப்பினருக்குரிய வழியனுப்புச் சடங்கை நடத்தினார்கள். மறுநாள் வெளிர்நீலம். 30ஆம் தேதி தந்தையின் ஆலயத்தில் ரோஜா கலந்த பொன்னிறம். 31ஆம் தேதி இறுதி ஆராதனையில் பொன்னிற உடை.

மேடையில் உடை மாற்றி வருவது அவர் வாழ்நாள் முழுவதும் ரசிகர்களுக்குக் கொடுத்து வந்த விருந்துகளில் ஒன்று. 2015இல் கென்னடி மையத்தில் பாடிக்கொண்டே தோளிலிருந்த நீண்ட மென்மயிர்த் தோல் மேலங்கியை அவர் தரையில் நழுவவிட்டதும் அரங்கம் எழுந்து ஆரவாரம் செய்தது. அப்படிப்பட்டவரைக் கடைசியாகப் பார்க்க இரவே வந்து தெருவோரம் படுத்திருந்தவர்களுக்கு, நாளை என்ன உடை என்ற பேச்சு துக்கத்தைக் குறைக்கும் பேச்சாகப் படவில்லை. அவர் இன்னும் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார் என்றே பட்டது. நீண்ட காலம் மரியாதை மறுக்கப்பட்ட ஒரு சமூகம், தன் அரசியைத் தங்கப் பேழையில் வைத்துப் பார்க்க விரும்பியதை ஆடம்பரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை. செலவைப் பற்றிய தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

கேள்வி: எட்டு மணி நேரம் இறுதிச் சடங்காம், அதில் ஆட்டமும் பாட்டுமாம். அழ வேண்டிய இடத்தில் இது முறையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்கள் இந்தச் சடங்குக்கு இட்டிருக்கும் பெயர் ‘ஹோம்கோயிங்’, அதாவது வீடு திரும்புதல். அடிமைகளாக இருந்த முன்னோருக்கு மரணம் ஒன்றே எசமானனால் தடுக்க முடியாத விடுதலையாக இருந்தது. அந்த நம்பிக்கையிலிருந்து வளர்ந்தது இந்த மரபு. எனவே கண்ணீரும் கைதட்டலும் ஒரே நேரத்தில் வரும். போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் குரல் கொடுக்கும். பாடகர் ஒரு சொல்லை நீட்டினால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று அதை வாங்கிக்கொள்வார். நம் ஊர்க் ‘கல்யாணச் சாவு’ இது என்று எண்ணிவிடவும் கூடாது. அங்கே வயது ஒரு கணக்கே இல்லை, இளவயதில் போனவரையும் இப்படித்தான் அனுப்புவார்கள்.

கிரேட்டர் கிரேஸ் ஆலயத்தில் நடந்த அந்த ஆராதனைக்கு, அத்தகைய கார் இடம்பெற்ற, அவர் 1985இல் பாடிய ஒரு பாட்டின் நினைவாக, நூற்றுக்கும் மேற்பட்ட இளஞ்சிவப்பு காடிலாக் கார்கள் வந்து தெருவில் அணிவகுத்தன. அவருடைய உடலைச் சுமந்தது 1940ஆம் ஆண்டின் லாசால் வண்டி. 1984இல் அவருடைய தந்தையையும், 2005இல், ஒருகாலத்தில் வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸையும் சுமந்த அதே வண்டி. உள்ளே சிறுவயதுத் தோழர் ஸ்மோக்கி ராபின்சன் பேசினார்; சாக்கா கான், கிளாடிஸ் நைட், ஜெனிஃபர் ஹட்சன் ஆகியோரும் வேறு பலரும் பாடினார்கள்; முன்னாள் அதிபர் கிளின்டன் தம் கைப்பேசியில் அரீத்தாவின் பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு ஒலிவாங்கியின் அருகே பிடித்தார்; இறுதியில் ஸ்டீவி வண்டர் பாடினார். வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே பாடினார்கள். இதில் முறை தவறியது எது என்று எனக்குத் தெரியவில்லை. நேரம் கொஞ்சம் கூடிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: துக்கத்துக்கு நடுவே ரசிகர்கள் சண்டைக்கும் வந்தார்களாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: வந்தார்கள். முதல் கோபம் பாப் பாடகி மடோனாவின் மேல். மறைவுக்கு நான்கு நாள் கழித்து நடந்த எம்டிவி விருது விழாவில் அவர் அரீத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கித் தம்முடைய இளமைக்காலக் கதையையே நெடுநேரம் சொன்னார். அது அஞ்சலியாகத் திட்டமிடப்பட்டதன்று என்று அவர் பிறகு விளக்கியும் கோபம் தணியவில்லை.

இரண்டாவது கோபம் ஆழமானது. இறுதி ஆராதனையில் இரங்கலுரை ஆற்றிய போதகர் ஜாஸ்பர் வில்லியம்ஸ், 1984இல் அரீத்தாவின் தந்தைக்கும் இரங்கலுரை ஆற்றியவர். அவர் மறைந்தவரை விட்டுவிட்டு, கறுப்பினக் குடும்பங்களின் குறைகளைப் பட்டியலிடத் தொடங்கி, தந்தையில்லாத வீட்டில் தாய் தனியாக ஆண்பிள்ளையை ஆளாக்க முடியாது என்னும் பொருள்படப் பேசினார். எதிரே பேழையில் கிடந்தவரோ நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்று, வாழ்க்கையின் பெரும்பகுதியில் கணவன் துணையின்றி வாழ்ந்தவர். குடும்பத்தினரே அந்த உரை தங்களைப் புண்படுத்தியதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். ‘ரெஸ்பெக்ட்’ என்ற பாட்டில் மரியாதை வேண்டும் என்று பாடியே உலகப் புகழ் பெற்ற ஒருத்தியின் சடங்கில் பெண்களைக் குறைத்துப் பேசினால் ரசிகைகள் கைகட்டிக் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? அந்தக் கோபத்தையும் அஞ்சலிக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

கேள்வி: டெட்ராய்ட்டுக்கு வெளியே இருந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள்? (வாசகி, காரைக்குடி)

பதில்: நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியின் அப்பல்லோ அரங்க வாசலில் பூக்களோடு கூடிப் பாடினார்கள். அந்நகரின் சுரங்க ரயில் பாதையில் ‘ஃபிராங்க்ளின்’ என்று பெயர் கொண்ட நிலையச் சுவரில் யாரோ அவருடைய முதற்பெயரையும் சேர்த்து எழுதிவிட, ரயில் நிர்வாகம் அபராதம் போடுவதற்குப் பதிலாகத் தானே ‘ரெஸ்பெக்ட்’ என்ற ஒட்டிகளை அங்கே பதித்தது. இறுதி ஆராதனை நடந்த நாளில் லண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலர்களின் வாத்தியக் குழுவும் அதே பாட்டை வாசித்தது.

கேள்வி: மற்ற சோல் பாடகர்கள் இறந்தபோதும் இப்படித்தான் இருந்ததா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. அரீத்தாவுக்கு வயது 76; நோய் தெரிந்திருந்தது; விடைகொடுக்க மனம் ஆயத்தமாக இருந்தது. சாம் குக் 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விடுதியில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு 33. சுட்ட விடுதி மேலாளர் தற்காப்புக்காகச் சுட்டார் என்று விசாரணையில் முடிவானது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அந்த முடிவை இன்றுவரை ஏற்கவில்லை. அவர்களுடைய துக்கத்தில் சந்தேகம் கலந்தே இருக்கிறது.

ஓட்டிஸ் ரெடிங்கின் கதை இன்னும் கொடியது. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மொனோனா ஏரியில் அவருடைய விமானம் விழுந்தது; அவருக்கு வயது 26. உடன் வாசிக்கும் இளைஞர்களில் ஒருவர் மட்டும் பிழைத்தார். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை முதலில் எழுதிப் பாடியவர் இவரே. விபத்து நடந்த அதே ஆண்டில்தான் அரீத்தா அதை வேறொரு பாட்டாகவே மாற்றித் தம்முடையதாக்கியிருந்தார். விபத்துக்குச் சில நாள்களுக்கு முன் ஓட்டிஸ் பதிவு செய்திருந்த துறைமுகப் பாட்டு 1968 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் முடிவில் அவர் சீழ்க்கையடித்தபடியே தேய்ந்து மறைவார். அன்று வானொலியில் அதைக் கேட்ட ரசிகர்களுக்குக் கூடவே பாடத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: உயில் தகராறு என்ன ஆயிற்று? (வாசகர், சேலம்)

பதில்: கையால் எழுதிய சில உயில்கள் 2019இல் அவருடைய வீட்டிலேயே கிடைத்தன, அவற்றுள் 2014ஆம் ஆண்டினது, சோபா மெத்தைக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டது, செல்லும் என்று 2023 ஜூலையில் மிச்சிகன் நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. ரசிகர்களுக்கு இதில் பங்கில்லை, நமக்கும் இல்லை.

கேள்வி: இதுவரை அவர் பாடியதைக் கேட்டதே இல்லை. எங்கே தொடங்கலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எல்லாரும் ‘ரெஸ்பெக்ட்’ என்பார்கள். நான் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பதிவான ‘அமேசிங் கிரேஸ்’ தொகுப்பைச் சொல்வேன். அந்த இரவுகளைப் படமும் பிடித்தார்கள். ஆனால் காட்சியையும் ஒலியையும் பொருத்துவதற்கான அடையாளப் பலகையைப் பயன்படுத்தத் தவறியதால் படம் கிடப்பில் போடப்பட்டது. பிறகு தொழில்நுட்பம் கைகொடுத்தும் அரீத்தா வெளியிட இசையவில்லை. அவர் மறைந்த பிறகு, 2018 நவம்பரில்தான் திரைக்கு வந்தது. ரசிகர்கள் அதைப் பார்த்தபோது மறுபடியும் ஒருமுறை அழுதார்கள் என்றால் அதற்கு ஒரு காட்சி முக்கியக் காரணம் என்பேன். பியானோவின் முன் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும் மகளின் முகம் வியர்வையில் நனைந்திருக்கிறது. தந்தை எழுந்து வந்து ஒரு கைக்குட்டையால் அதை மெல்ல ஒற்றியெடுக்கிறார். மகள் பாட்டை நிறுத்தவில்லை. முடிந்தால் இசைத்தட்டை முதலிலும் படத்தைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.