ஊரைத் தெரிவு செய்ததும் பக்கம் உறைவது பற்றி

வணக்கம். அக்கரைப்பற்று நெல் ஆலைக்காக நீங்கள் டோஜோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் அமைத்த கொள்வனவுப் பட்டியலில், விவசாயியின் ஊரைத் தெரிவு செய்ததும் பக்கம் 6 செக்கன் அசையாமல் நின்று, பிறகு தானாகவே மீள்வதாக எழுதியிருந்தீர்கள். மீள்கிறது என்பதுதான் நல்ல தடயம், ஏனெனில் முடிவில்லாச் சுழற்சியாக இருந்தால் அது மீண்டிருக்காது.

ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதும் உங்கள் சொடுக்குக்குப் பதில் சொல்வதும் ஒரே இழையில் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் வரிசையில்) நடப்பதால், ஏதோவொரு நீண்ட பணி அந்த இழையைப் பிடித்து வைத்திருக்கிறது. குரோமில் எஃப்12 அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பதிவைத் தொடங்கி, ஊரை ஒருமுறை மாற்றிவிட்டு நிறுத்துங்கள். 50 மில்லிசெக்கனைத் தாண்டிய பணிகள் சிவப்பு அடையாளத்துடன் தெரியும். அவற்றின் கீழே பக்க அமைப்புக் கணிப்பைக் காட்டும் ஊதா நிறத் துண்டுகள் நெருக்கமாக நின்றால், பட்டியலின் ஒவ்வொரு வரிசையையும் சேர்த்த கையோடு அதன் உயரத்தை ஆஃப்செட்ஹைட் (offsetHeight) மூலம் வாசிக்கும் நிரல் வரி எங்கோ இருக்கிறது, அதனால் உலாவி ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பை மீளக் கணிக்கிறது என்று கொள்ளலாம். மட்டக்களப்பில் நான் செய்த கடைக் கணக்குப் பக்கத்தை இரண்டு நாள் முடக்கியதும் அப்படியான ஒற்றை வரிதான் (இணைய இணைப்பைத்தான் வீணாகத் திட்டிக்கொண்டிருந்தேன்). வரிசைகளையெல்லாம் முதலில் சேர்த்துவிட்டு, உயரங்களைப் பிறகு ஒரே தடவையில் வாசியுங்கள்.

ஊரை மாற்ற மாற்றத் தாமதம் கூடிக்கொண்டே போனால் மட்டும், பழைய விட்ஜெட்டுகளை (டோஜோவின் பக்கக் கூறுகளை), உள்ளிருப்பவற்றோடு சேர்த்து அழிக்கும் டெஸ்ட்ராய்ரிகர்சிவ் (destroyRecursive) கொண்டு அழிக்கிறீர்களா என்றும் பாருங்கள். பதிவின் படத்தை இங்கே இட்டால் பார்த்துச் சொல்கிறேன்.