நெட் ஜீரோ படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு தொழிற்சாலை எங்களுடையது. எங்களிடம் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. 'நெட் ஜீரோ இலக்கு உண்டா, எந்த ஆண்டுக்குள், இப்போதைய கார்பன் அளவு எவ்வளவு' என்று கேட்கிறார்கள். புகையே வரக்கூடாது என்கிறார்களா? மரம் நட்டு, மிச்சத்துக்குக் கார்பன் கிரெடிட் வாங்கிவிட்டால் போதாதா? '2050' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்குப் போட வேண்டாம். கணக்கே எடுக்காமல் ஆண்டை மட்டும் எழுதிக் கொடுத்தால், அடுத்த வருடம் அதே ஆட்கள் 'எவ்வளவிலிருந்து எவ்வளவு குறைத்தீர்கள்' என்று கேட்பார்கள். அப்போது சொல்ல உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, நெட் ஜீரோ என்றால் என்ன? மனிதர்கள் காற்றில் சேர்க்கும் பசுமை இல்ல வாயுக்களின் அளவும், மனித முயற்சியால் காற்றிலிருந்து எடுத்துத் திரும்ப வராதபடி பூட்டி வைக்கும் அளவும் சமமாகிவிடும் நிலை. ஆக, புகையே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வந்த அளவுக்குத் திரும்ப எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். 2015இன் பாரிஸ் ஒப்பந்தம், இந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தச் சமநிலையை எட்ட வேண்டும் என்றது. 2050 என்ற ஆண்டு பிரபலமானது, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கைக்குப் பிறகு. வெப்ப உயர்வு 1.5 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் 2010இல் இருந்ததைவிட 2030க்குள் சுமார் 45 சதவீதம் குறைந்து, 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும் என்றது அந்த அறிக்கை. எல்லோரும் 2050ஐப் பிடித்துக்கொண்டார்கள், 2030ஐ வசதியாக மறந்துவிட்டார்கள். உங்களுக்கு வந்த படிவத்தைத் திருப்பிப் பாருங்கள். குறுகிய கால இலக்குக்கும் அநேகமாக ஒரு கட்டம் இருக்கும்.

பாதியாகக் குறைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே தங்கிவிடுகிறது. அதனால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதை, இதுவரை மொத்தமாக எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒரு லட்சம் கோடி டன் சேர்ந்தால் சுமார் 0.45 டிகிரி ஏறும் என்பது ஐபிசிசியின் மதிப்பீடு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வழியாக மட்டும் உலகம் இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இதைப் பாதியாக்கினாலும் மொத்தம் ஏறிக்கொண்டேதான் போகும். பூஜ்ஜியத்துக்கு வந்தால் ஏற்றம் ஏறக்குறைய நிற்கும், ஆனால் வெப்பம் பழைய நிலைக்கு இறங்காது. புதுக்கடன் வாங்குவதை நிறுத்திவிட்டாலும் பழைய கடன் அப்படியே நிற்பதைப் போல.

அடுத்து கார்பன் கிரெடிட், அதாவது வேறொருவர் தவிர்த்த அல்லது காற்றிலிருந்து எடுத்த டன்னுக்கான சான்றிதழை விலைக்கு வாங்குவது. 'கார்பன் நியூட்ரல்' என்று இத்தனை நாள் விளம்பரம் செய்தவர்களில் பலர் செய்தது இதுதான்: தங்கள் வெளியேற்றத்தைப் பெரிதாகத் தொடாமல், அதே அளவுக்குக் கிரெடிட் வாங்கி நேர் செய்துகொண்டார்கள். நெட் ஜீரோ அதைவிடக் கறாரானது. பெரிய நிறுவனங்கள் பரவலாகப் பின்பற்றும் எஸ்பிடிஐ (நிறுவனங்களின் பருவநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் அமைப்பு) வகுத்த 2021ஆம் ஆண்டு தரநிலையின்படி, 2050க்குள் பெரும்பாலான துறைகளில் குறைந்தது 90 சதவீத வெளியேற்றத்தை நிஜமாகவே வெட்டியாக வேண்டும். மிஞ்சுவதை மட்டும் காற்றிலிருந்து எடுத்து ஈடு செய்யலாம். வாங்கிய கிரெடிட்டைக் குறைப்புக் கணக்கில் காட்ட முடியாது.

கிரெடிட்டிலும் இரண்டு வகை இருக்கிறது. வேறு எங்கோ ஒருவர் வெளியேற்ற இருந்ததைத் தவிர்த்துவிட்டார் என்பதற்குத் தரப்படுவது ஒன்று. ஏற்கெனவே காற்றில் இருப்பதை எடுத்ததற்குத் தரப்படுவது இன்னொன்று. சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. அதை வாங்கினாலும் நீங்கள் விட்ட டன் காற்றிலேயேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த நுகர்வோர் உத்தரவு, கிரெடிட்டை மட்டும் காட்டி ஒரு பொருளைப் பருவநிலைக்குப் பாதிப்பில்லாதது என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பரிலிருந்து அது அமலாகும். வாங்கும் நிறுவனங்கள் இப்போது கிரெடிட் என்றாலே தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரம் நடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை இந்தப் படிவத்துக்கான பதிலாக நினைக்காதீர்கள். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குப் பத்து இருபது கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொழிற்சாலை ஆண்டுக்கு 100 டன் வெளியேற்றினால் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் மரங்கள் தேவைப்படும். அதுவும் நட்ட அன்றைக்கே இல்லை, வளர்ந்த பிறகு. அவற்றை வெட்டக் கூடாது, அவை எரியவும் கூடாது. காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சும் எந்திரங்களும் வந்துவிட்டன. ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 4,000 டன். உலகம் அந்த 4,000 டன்னை வெளியேற்ற நாலு விநாடிகூட ஆகாது. இவ்வளவு அரிதான வசதியை வேறு வழியே இல்லாத இடங்களுக்குத்தான் ஒதுக்க வேண்டும். சிமென்ட் ஆலையின் வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது, எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. உங்கள் கம்ப்ரசருக்கும் ஜெனரேட்டருக்கும் அந்தச் சாக்கு கிடையாது.

இப்போது உங்கள் கணக்கு. உலகம் முழுக்கப் பயன்படும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற கார்பன் கணக்கு முறை, வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உங்கள் வளாகத்திலும் வண்டிகளிலும் நேரடியாக வெளியேறுவது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரத்தால் மின்நிலையத்தில் வெளியேறுவது ஸ்கோப் 2. மூலப்பொருள், போக்குவரத்து என்று முன்னும் பின்னும் வருவதெல்லாம் ஸ்கோப் 3. உங்கள் ஸ்கோப் 1, 2 எல்லாம் உங்களிடம் வாங்குபவருடைய ஸ்கோப் 3இல் போய்ச் சேரும். அவர் திடீரென்று உங்களுக்குப் படிவம் அனுப்பியதன் ரகசியம் இதுதான்.

பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகள், டீசல் பதிவேடு, சிலிண்டர் ரசீதுகள், ஏசி மற்றும் சில்லர் சர்வீஸ் சீட்டுகள். இவ்வளவையும் மேசையில் வைத்தால் முதல் கணக்குக்குப் போதும். சர்வீஸ் சீட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆண்டுக்கு 2,000 லிட்டர் எரித்தால் 5.4 டன். ஏசிகளில் நிரப்பும் ஆர்-410ஏ வாயுவின் வெப்பமூட்டும் திறனோ கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய 2,000 மடங்கு. 'கேஸ் குறைந்துவிட்டது' என்று மெக்கானிக் ஐந்து கிலோ ஏற்றிவிட்டுப் போனால், ஐந்து கிலோ கசிந்திருக்கிறது என்று பொருள். அது மட்டுமே பத்து டன். வருடம் முழுக்க எரித்த டீசலைப்போல இரண்டு மடங்கு, குழாயைப் பற்றவைத்த ஒரு சின்ன பிரேசிங் மூட்டு வழியாகப் போயிருக்கிறது!

மின்சாரத்துக்கு ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்ல முடியாது. நிலக்கரியை நம்பியிருக்கும் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்கு மேலேயும் போகலாம். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த தொகுப்பில் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். உங்கள் மின்தொகுப்புக்கு அதிகாரபூர்வமாக வெளியிடப்படும் எண்ணை எடுத்து, அது எந்த ஆண்டுக்கானது என்பதையும் குறித்து வையுங்கள். கூரையில் சோலார் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் பசுமைச் சான்றிதழை வேறு யாருக்காவது விற்றுவிட்டால், அதே மின்சாரத்தை உங்கள் பெயரில் பசுமை என்று காட்ட முடியாது.

ஸ்கோப் 3இல் பதினைந்து பிரிவுகள் இருக்கின்றன. பார்த்து மலைக்க வேண்டாம். உதிரிபாகத் தொழிலில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் இரும்பிலும் அலுமினியத்திலும்தான் இருக்கும். தாதுவிலிருந்து ஊதுலையில் செய்த எஃகு ஒரு டன்னுக்கு சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின்உலையில் உருக்கிச் செய்தால் அதைவிட வெகு குறைவு. எந்த ஆலையிலிருந்து, எந்த முறையில் வந்தது என்று சப்ளையரிடம் கேளுங்கள். சுருள் சுருளாகக் கழிவுப் பெட்டியில் விழும் உலோகத்தின் கார்பனும் உங்கள் கணக்கில்தான் வரும்.

குறைப்பை எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால் கம்ப்ரசர். விடுமுறை நாளில் எல்லா எந்திரங்களையும் நிறுத்திவிட்டு, காற்றுக் குழாய்களின் வால்வுகளைத் திறந்து வைத்து (காற்று வெளியேறும் முனைகள் மூடியே இருக்கட்டும்), கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். காற்றை யாருமே பயன்படுத்தவில்லை, ஆனாலும் அது அவ்வப்போது லோடு எடுக்கும், அதாவது அழுத்தம் குறைந்ததால் மறுபடி காற்றை அழுத்தத் தொடங்கும். லோடு எடுத்த நேரத்தையும் சும்மா ஓடிய நேரத்தையும் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். மொத்த நேரத்தில் லோடு நேரம் எத்தனை சதவீதமோ, ஏறக்குறைய அந்த அளவு திறன் கசிவிலேயே போகிறது. பராமரிப்பில்லாத இடங்களில் 20, 30 சதவீதம் சகஜம். கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரும், சரிசெய்யப் புது கப்ளிங்கும் போதும், ஆலோசகர் தேவையில்லை.

ஏற்றுமதித் தொடர்பு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபிஏஎம் எனப்படும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழு அமலுக்கு வந்தது. இரும்பு, எஃகு, அலுமினியத்தோடு திருகு, போல்ட் போன்றவையும் அதில் அடங்கும். அங்கே உத்தேசக் கணக்கு செலவு வைக்கும். அளந்த எண் இருந்தால்தான் பேச முடியும்.

படிவத்துக்கு இப்படிப் பதில் எழுதலாம். எந்த ஆண்டை அடிப்படை ஆண்டாக எடுத்திருக்கிறீர்கள், அந்த ஆண்டின் ஸ்கோப் 1, 2 எவ்வளவு, ஸ்கோப் 3 கணக்கு எந்த மாதம் முடியும், 2030க்குள் எவ்வளவு குறைக்க முடியும், எதைச் செய்து குறைப்பீர்கள். நெட் ஜீரோ ஆண்டுக்கான கட்டத்தில் 'அடிப்படைக் கணக்கு முடிந்ததும் தெரிவிக்கிறோம்' என்று எழுதுங்கள். கூடவே அவர்களிடமும் கேளுங்கள்: எந்தத் தரநிலையைப் பின்பற்ற வேண்டும், சரிபார்ப்புச் செலவு யாருடையது, குறைந்த கார்பன் எஃகுக்கு ஆகும் கூடுதல் விலையைச் சரக்கு விலையில் சேர்த்துத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.