வீட்டில் தீ விபத்து வராமல் இருக்க முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அடுப்படியில் குனிந்து கேஸ் டியூப்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் வீடு ஆலங்குளம் பக்கம். போன வருடம் ஆடி மாதம், விடியற்காலை நாலரை மணிக்குக் காப்பி போட எழுந்த அம்மாவின் கை, இருட்டில் பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. பின்னாலேயே வந்த மதினிக்கு கேஸ் வாடை தட்டியதும் "அத்தே, லைட்டப் போடாதீங்க!" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்துவிட்டார். புறவாசல் கதவைத் திறந்து, இருட்டிலேயே தடவி ரெகுலேட்டரை மூடி, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு எல்லோரும் தெருவில் வந்து நின்றோம். விடிந்த பிறகு பார்த்தால், சிலிண்டருக்குப் பின்பக்கம் டியூப்பை எலி கடித்திருந்தது. வாங்கி எத்தனை வருடம் ஆனது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தங்கும். அதனால் மேலே ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவைத் திறந்து வைக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். அடுப்படியில் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள், அது யாரும் தொடாமலே தானாக ஓடி நிற்கும். வெளியே வந்து நின்று, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். டியூப் வாங்கும்போது உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூப்பாகக் கேட்டு வாங்குங்கள், எலி அவ்வளவு எளிதில் கடிக்காது. மேலே தேதி அச்சடித்திருக்கும், 5 வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடுவது இப்போது எங்கள் வீட்டில் மதினி பொறுப்பு.

எலி விளக்குத் திரியையும் விடாது. எண்ணெய் வாசத்துக்கு எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு ஓடும், கார்த்திகைக்கு விளக்கு வைத்துவிட்டு அப்படியே தூங்கப் போகாதீர்கள்.

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். பட்டாசலில் (முன் அறையில்) ஒரு மூலையில் காய்ந்த பீடி இலைக்கட்டு, தூள், பக்கத்திலேயே கொசுவர்த்திச் சுருள். ஆனி ஆடிக் காற்றில் சுருளின் கங்கு பறந்து இலையில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? சுருளை மணல் போட்ட தட்டில் வைத்து, இலைக்கட்டை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். வெந்நீர் அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கங்கு சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும். அதைக் கொண்டுபோய் வைக்கோல் படப்புப் பக்கம் கொட்டினால் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி, 'சொய்ங்' என்ற சத்தம் நின்ற பிறகு கொட்டுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாளியில் போடுகிற ஹீட்டர் கம்பி பெரும்பாலும் 1500 வாட். சின்ன 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட்தான், அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ஒயர் சூடாகி உருகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் அன்றைக்கே 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லுங்கள்.

வடைச் சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தெறித்து மேலெல்லாம் பற்றும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடிவிட்டு ஆற விடுங்கள்.

கடைசியாக, ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டி சாவியைத் தலையணைக்கடியில் வைக்கிற வீடு நிறைய உண்டு, எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அன்று விடியற்காலை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சாவியைத் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது கதவுக்குப் பக்கத்தில், சின்னவனுக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டியிருக்கிறோம். மேலே சுவரில் தீயணைப்புக்கு 101, பொது அவசரத்துக்கு 112, கேஸுக்கு 1906 மூன்றையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.