கைக்கண்ணாடியில் ஒரு விதானம்

அன்புள்ள ஐயா,

சூரிச்சில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். சூர் நகரில் அறை எடுத்து ஐந்து நாள் சுற்றுவதாகத் திட்டம். செயின்ட் மோரிட்ஸ், பெர்னினா ரயில், லீக்டன்ஸ்டைன், ஹைடி கிராமம், ரைன் பள்ளத்தாக்கு, வியாமாலா, அரோசா, தாவோஸ் என்று எட்டு இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன். சூரில் ரயில் மாறுவதைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள். பழைய தேவாலயங்களும் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ரயில் பாஸ் எடுத்தால் லாபமா? உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில், அது சூர் இல்லை, கூர். ஏழு வருடமாக அந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறீர்கள், ஒன்றே கால் மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஊரின் பெயரை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கக் கூடாதா?

உங்கள் பட்டியலில் பாதியை நானே அடித்துவிடுகிறேன். லீக்டன்ஸ்டைனில் காசு கொடுத்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொள்ளலாம், அதற்காக ஒரு பகலா? ஹைடி கதையில் வரும் பெண். 'அவள் வீடு' பிற்காலத்தில் நமக்காக ஜோடித்து வைத்தது. தாவோஸ், செயின்ட் மோரிட்ஸ் இரண்டிலும் கடை பார்க்கலாம், கடை சூரிச்சிலேயே இருக்கிறது. பெர்னினா ரயிலில் கட்டாயம் போங்கள். 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தில் ரயில் வளைந்து நேரே பாறைக்குள் நுழையும்போது அப்பா குழந்தையாகிவிடுவார். அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் வேறு எதற்கு.

என்னை உறுத்தியது 'ரயில் மாறுவதைத் தவிர ஒன்றுமில்லை' என்ற வரிதான். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தில் நேராக வந்து கை வைத்துவிட்டீர்கள். கூர் எப்போதுமே மாறும் இடம்தான், ஐயா! அதுதான் அதன் சரித்திரமே. கிழக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குப் போகும் பல கணவாய்ப் பாதைகள் அங்கே வந்து சேர்ந்தன. பனி விலகும்வரை காத்திருக்க வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும், பொதி மாற்ற வேண்டும். ஊர் மேட்டில் இருக்கும் ஆயரின் மாளிகைக்கும், 1151இல் தொடங்கி 1272 வரை கட்டிய பேராலயத்துக்கும் பின்னால் அந்தச் சுங்கக் காசு இருக்கிறது.

பொதி மாற்றும் முறையைக் கேளுங்கள். அந்தந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். தங்கள் எல்லைக்குள் சுமை தூக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். கூருக்குத் தெற்கே இருக்கும் தூசிஸ் ஊர்க்காரன் தன் எல்லை முடிந்ததும் பொதியை இறக்கிவிடுவான். அடுத்த ஷாம்ஸ் பள்ளத்தாக்குக்காரன் வந்து தன் மாட்டில் ஏற்றுவான். வியாபாரிக்கு வயிறு எரியும். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் சத்திரமும் லாயமும் கோயிலும் பிழைத்தன. 1882இல் மேற்கே இருக்கும் கோட்டார்ட் மலைச் சுரங்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பாதையில் தாமதிக்க ஆளில்லாமல் போயிற்று. நீங்கள் ஐந்து நாளில் எட்டு இடம் பார்ப்பேன் என்று கிளம்புவதும் எனக்கு அதே கதையாகத்தான் படுகிறது.

நானும் யோக்கியன் இல்லை. முதல் தடவை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். அதே பாதையில் சில்லிஸ் என்ற கிராமத்தில் பஸ் பன்னிரண்டு நிமிடம் நின்றது. அங்கிருந்த தேவாலயத்துக்குள் ஓடினேன், விதானத்தை அண்ணாந்து நான்கு படம் எடுத்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது, ஓடி வந்துவிட்டேன். ஊருக்கு வந்து பார்த்தால் இரண்டு படத்தில் என் கட்டைவிரல்.

இரண்டாம் தடவை, பத்து வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரோடு போனேன். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கூரில் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் இருபது வருடம் நின்றவர். சில்லிஸ் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறார், ஒருநாளும் இறங்கியதில்லை. "லீவு நாளிலை ஆர் கோயில் பாப்பினம்?" என்றார்.

புனித மார்ட்டின் தேவாலயம் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமானது. உள்ளே போனால் கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். கழுத்தை வளைக்க வேண்டாம், அதை வயிற்றருகே மட்டமாகப் பிடித்துக் குனிந்து பார்க்கலாம். முதலில் தெரிவது நம் மூக்கு. கொஞ்சம் சாய்த்தால் விதானம் கைக்குள் வந்து விழும். 153 மரப் பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுரம், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. கீழே வைத்து வரைந்து பிறகு மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஊரில் சமயம் மாறி, படங்களை விரும்பாத புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபையின் கையில் கோயில் போன பிறகும் விதானம் தப்பிவிட்டது.

ஓரத்தைச் சுற்றிலும் கடல். நாலு பக்கமும் மலை நிற்கிற ஊரில் கடல்! அலைகளுக்கு நடுவே முன்பாதி மிருகமும் பின்பாதி சுருண்ட மீன் வாலுமாக என்னென்னவோ நீந்துகின்றன. நடுவில் யேசுவின் கதை வரிசை வரிசையாக நகர்கிறது. நகர்ந்து முள்முடி சூட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. சிலுவை இல்லை. உயிர்த்தெழுதல் இல்லை. அடுத்த பலகையில் மார்ட்டினின் கதை தொடங்கிவிடுகிறது, போர்வையை வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதி கொடுத்தவர். ஏன் என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். என் கணக்கு எளியது. கணவாயில் குளிரில் விறைத்து வருகிறவனுக்குப் போர்வை கொடுக்கும் சாமிதான் அங்கே முக்கியம்.

'ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி' என்று எழுதினீர்களே, இப்போது சொல்லுங்கள். மதுரைக்காரர் இதை எழுதலாமா? மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு ஒருவன் தஞ்சாவூர் போக வேண்டாம் என்றால் சும்மா விடுவீர்களா?

அண்ணை ஒரு மணி நேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. யேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணப் பலகை வந்ததும் நின்றார். "தண்ணி ஊத்துறவன்ரை மூஞ்சையைப் பாருங்கோ. சம்பளம் குடுக்காத முதலாளியிட்டை நிக்கிறான்" என்றார். நான் அதுவரை மாப்பிள்ளை வீட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் தட்டு கழுவி, காய் நறுக்கி, சூப் கிண்டிய கண்ணுக்கு வேலைக்காரன்தான் முதலில் பட்டிருக்கிறான். வெளியே வந்ததும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பஸ். அவர் எரிச்சல்படவே இல்லை. தன் சமையல்கட்டுக் கதைகளை முதல்முறையாக அன்றைக்குத்தான் சொன்னார். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

சரி, உங்கள் அம்மா. வியாமாலா பள்ளத்தாக்கில் கீழே இறங்க 359 படிகள். அவரை இறக்கிவிடாதீர்கள், 'மெதுவாக வாங்கம்மா' என்று இழுக்கவும் வேண்டாம். நீங்களும் அப்பாவும் போய் வாருங்கள், அவர் மேலே உட்கார்ந்திருக்கட்டும். கூரிலிருந்து தூசிஸ் வரை ரயில் அரை மணி, அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் சில்லிஸ். அண்ணாந்து பார்க்க முடியாதவருக்குத்தான் அந்தக் கண்ணாடி மிகவும் உதவும். ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் தள்ளி நில்லுங்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை இப்போதே பார்த்து வைக்க வேண்டாம்.

ரயில் பாஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவுண்டரில் கேளுங்கள், பொறுமையாகக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அப்பாவுக்குத் தடித்த சாக்ஸ் எடுத்து வையுங்கள், அந்தக் கோயில் தரை செப்டம்பரிலும் குளிரும்.