கேளுங்க, சொல்றேன்: பெரிய கம்பெனியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் மூன்று ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேங்க. ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே வேலையைக் கையால் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அதைத் தானாக ஓட வைக்கலாம் என்று மேனேஜருக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினேன். "நல்ல ஐடியாம்மா, பார்க்கலாம்" என்றார், அதோடு சரி. அவருக்கு மேலே இருப்பவருக்கு மெயில் போடலாமா? – பெயர் வேண்டாம், சரவணம்பட்டி

போடாதீங்க அம்மிணி. அந்த மெயில் சாயங்காலத்துக்குள் உங்கள் மேனேஜரிடமே வந்து சேரும், "இது என்னன்னு பாருங்க" என்ற ஒரு வரியோடு. அப்புறம் ஐடியா நல்லதா கெட்டதா என்று யாரும் பேசமாட்டார்கள், நீங்கள் ஏன் அவரைத் தாண்டிப் போனீர்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

மேனேஜர் சும்மா சொல்லவில்லை, அவருக்கும் பிடித்துத்தான் இருக்கும். ஆனால் சரி என்று சொன்னால் அவர் தலையில் என்னென்ன விழும் என்று யோசித்தீர்களா? ரிலீஸ் தேதி தள்ளிப்போனால் கிளையண்ட் முன்னால் கைகட்டி நிற்கப்போவது அவர். இன்னொன்று, உங்கள் புராஜெக்டுக்கு எப்படிப் பில் போடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஆள் கணக்கு, மணிக் கணக்கில் பில் போகிறதென்றால், நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனிக்கு வருமானக் குறைவு, அவருக்கு டீமில் ஆள் குறைப்பு. மொத்தமாக இவ்வளவு என்று விலை பேசிய புராஜெக்ட் என்றால் கதையே வேறு, மிச்சமெல்லாம் லாபம், அங்கே உங்கள் பேச்சு எடுபடும். ஒரே ஐடியாதான், பக்கத்து புராஜெக்டில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், உங்களிடத்தில் சீந்த ஆள் இருக்காது.

கோடாக் கதையும் இதேதான். 1975-லேயே அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஸ்டீவ் சாஸன் டிஜிட்டல் கேமரா செய்து காட்டிவிட்டார். 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம், கேசட்டில் பதிவாக 23 விநாடி. மேலிடத்தில் இருந்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, பிலிம் விற்று வரும் காசில் ஓடும் கம்பெனியிடம் பிலிமே வேண்டாம் என்கிற கேமராவை நீட்டினால் யார்தான் உற்சாகமாக வாங்கிக்கொள்வார்கள்? 2012-ல் திவால் மனு போட வேண்டி வந்தது, ஆனால் அது வேறு தலைமுறை மேனேஜர்களின் பாடு.

சரி, என்னதான் செய்வது? ஸ்லைடை மூடி வையுங்கள். எல்லோரும் வெறுக்கிற ஒரே ஒரு டெஸ்டை எடுத்து, கம்பெனி அனுமதித்த டூலிலேயே (கம்பெனி புரோகிராமை வீட்டு லேப்டாப்புக்குக் கொண்டு போய்விடாதீர்கள், வேலையே போய்விடும்) தானாக ஓட வைத்து, கையால் செய்வதையும் நிறுத்தாமல், ரெண்டையும் ஒரு ரிலீஸ் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள். கையால் செய்தபோது தப்பித்துப் போன ஒரு பிழை (பக்) அதில் மாட்டினால் போதும். ஜிமெயில் அப்படித்தான் கிளம்பியது. கூகுளில் பால் புக்கைட் 2001-ல் ஒரே நாளில் எழுதிய முதல் வடிவம், அவருடைய மெயிலை மட்டும்தான் தேடிக் கொடுத்தது. கூட வேலை செய்தவர்கள் பார்த்துவிட்டு, இது எங்கள் மெயிலுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். 2004 ஏப்ரல் 1-ல் 1 ஜிபி இடத்தோடு வெளியே வந்தபோது, மற்றவர்கள் இலவசமாகக் கொடுத்தது 2, 4 எம்பிதான்.

பக்கத்து சீட்காரர் "எனக்கும் போட்டுக் கொடு" என்று கேட்கிற வரைக்கும் மேனேஜரிடம் மறுபடி போகாதீர்கள். போகும்போது, பிடிக்கவில்லை என்றால் மறுநாளே பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். இதைப் பற்றி மேலே மெயில் போகும்போது அதில் அவர் பெயரும் இருக்கட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், தெரியும்.

கேள்வி: தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கூரியர் பையன் மேப்பைப் பார்த்து வந்து வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு போன் போடுகிறான். எங்கள் பக்கம் தோட்டத்துப் பேரை வைத்துத்தான் வழி கேட்பார்கள், அதை மேப்பில் சேருங்கள் என்று ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதினேன், பதிலே இல்லீங்க. – ஒரு விவசாயி, காங்கேயம்

கம்பெனிக்கு எழுதுவதை விடுங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு பொது மேப் 2004-லிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி ஊர், தடம், தோட்டம் எல்லாம் சேர்க்கலாம். ஆப்பிள், மெட்டா, அமேசான் போன்றவர்கள் அந்தத் தகவலை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதில் சேர்ப்பது கூகுள் மேப்பில் வராது, அங்கே விடுபட்ட இடத்தைச் சேர்க்கத் தனி வசதி உண்டு. அது ஆகிற வரைக்கும், மேப்பில் உங்கள் வாசலை அழுத்திப் பிடித்தால் வருகிற பிளஸ் கோடு (எழுத்தும் எண்ணுமான இட அடையாளம்) ஒன்றைக் கூரியர்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஜெர்மனியில் இருந்த ரயூஃப் அல்ஹுமைதி என்ற 15 வயதுப் பெண், முக்காடு போட்ட எமோஜி வேண்டும் என்று முதலில் ஆப்பிளுக்குத்தான் எழுதினாள். பதில் வரவில்லை. 2016-ல், எந்த எமோஜி வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்கிற யூனிகோடு அமைப்புக்கு முறைப்படி விண்ணப்பம் போனது, அடுத்த வருடமே ஏற்றுக்கொண்டார்கள், பெரிய கம்பெனிகள் எல்லாம் தாமாகவே தங்கள் போன்களில் போட்டுக்கொண்டன.

கேள்வி: தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விடும் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலரும் ஆப்பும் யோசித்து வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனிக்கு அனுப்பினால் சுட்டுவிடுவார்களா? – பொள்ளாச்சி வாசகர்

சுடவே வேண்டாம், நீங்களே கொடுத்துவிடுவீர்கள். உதாரணத்துக்கு ஆப்பிளின் விதியைப் படித்துப் பாருங்கள்: கேட்காமல் வரும் யோசனைகளை ஏற்பதில்லை, மீறி அனுப்பினால் அது எங்கள் சொத்து, காசு கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெறும் ஆப்புக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடைக்காது, சட்டத்தின் 3(கே) பிரிவு தடுக்கிறது. கன்ட்ரோலரில் புதுசாக ஏதாவது இருந்தால் வாய்ப்புண்டு. முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போடுங்கள், முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். அதைப் போடுகிற வரை யூடியூபில் வீடியோ கீடியோ போட்டுவிடாதீர்கள். அப்புறம், அமெரிக்காக்காரன் எதற்கு? கோயமுத்தூரில் பம்பு செட் செய்கிறவர்கள் எத்தனை பேர். ஒரு சாம்பிளைச் செய்து, நாலு தோப்பில் ஒரு கோடைக்காலம் ஓடவிட்டு, அந்தத் தோப்புக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.