இருபது ஆண்டு தாண்டிய நங்கூரச் சங்கிலி

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்கக் கடலில், எண்ணெய் எடுத்துச் சேமிக்கும் மிதவைக் கப்பலொன்றில் என் மகன் வேலை பார்க்கிறான். இருபது ஆண்டுக்கெனப் போட்ட நங்கூரச் சங்கிலிகளை இன்னும் பத்தாண்டு ஓட்டப்போகிறார்களாம். 2011இல் வந்த ‘தானே’ புயலில் எங்கள் விசைப்படகே கட்டறுந்து போனது. இது ஆபத்தில்லையா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஓட்டலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகுதான். இருபது ஆண்டு என்பது சங்கிலி அறும் நாள் அன்று. ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் அரிக்கும், இத்தனை அலை இழுக்கும் என்று வடிவமைத்தவர் முன்கூட்டிப் போட்ட கணக்கு.

சங்கிலி எங்கும் ஒரே சீராகக் கெடுவதில்லை. அலை நனைத்து நனைத்துக் காயும் மேற்பகுதி, கப்பலை விட்டு வளைந்து இறங்கும் இடம், கடல் தரையைத் தொட்டுத் தொட்டு எழும் பகுதி ஆகியவையே பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அங்கே ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கி, நீரைப் பீய்ச்சிக் கொட்டலசையும் பாசியையும் களைந்து, இரு கண்ணிகள் ஒன்றையொன்று கவ்வும் உட்புறத்தின் கனத்தை அளப்பார்கள்; வெளியே நன்றாகத் தெரியும் கண்ணி அங்கே தேய்ந்து கிடப்பதுண்டு. 120 மில்லிமீட்டர் கனம் 108 ஆனால் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு 81 விழுக்காடாகச் சுருங்கிவிடும். திரும்பத் திரும்ப இழுபட்டு உலோகம் பலமிழக்கும் ‘உலோகச் சோர்வு’, எஞ்சிய பரப்பில் கூடும் விசையின் கன அடுக்கை (விசையை மும்முறை பெருக்குவதை) ஒட்டி ஏறுவதால், அலை இழுத்து இழுத்து வரும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வயதை மட்டும் பார்ப்பதிலும் பயனில்லை. அங்கோலாவின் கிராசோல் வயலில், எண்ணெய் ஏற்றும் மிதவையின் சங்கிலிகள் ஓராண்டுகூட நிறையாமல் 2002இல் அறுந்தன. மேல்முனைக் கண்ணிகள் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சோர்ந்ததே காரணம். அப்படியொரு மடக்கத்தை அதுவரை வடிவமைப்பில் பொதுவாகக் கணக்கில் எடுத்ததில்லை.

உங்கள் படகுச் சங்கிலியை மாற்றிவிடுவதே சரி, கையால் தூக்கலாம். 120 மில்லிமீட்டர் சங்கிலியோ மீட்டருக்குக் கால் டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதனால் முழுதையும் மாற்றாமல், நீங்கள் தேய்ந்த கயிற்றைத் தலைமாற்றிக் கட்டுவதுபோல, சில கண்ணிகளை உள்ளே இழுத்து வளையும் இடத்தில் புதுக் கண்ணி வரச்செய்வார்கள்; அல்லது மேல்துண்டை மட்டும் மாற்றுவார்கள்.

மகனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஒரு சங்கிலி அறுந்த பின்னும் மற்றவை புயலைத் தாங்கும் என்ற கணக்கை, புதுச் சங்கிலியின் கனத்தை வைத்துப் போட்டார்களா, இப்போது அளந்த கனத்தை வைத்தா?