விலைவாசி உயர்வுக்கு உண்மையான காரணம் அரசுகள் பணத்தை அச்சடிப்பதா, பொருள் தட்டுப்பாடா, நிறுவனங்களின் லாப ஆசையா?

வீட்டு வரவு செலவை நானே எழுதி வருகிறேன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பாடநூலில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொன்ன மூன்றுமே காரணங்கள்தாம். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வேலை செய்வதில்லை. எந்தக் காரணம் எந்தக் கட்டத்தில் முன்னே நின்றது என்று பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், காரணம் இதுதான் என்று முடிவு செய்யும்போதே அதைச் சரிசெய்யும் சுமை யார் தலையில் ஏறும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

முதலில் அன்றாட வாழ்வு. விலையேற்றம் எப்போதும் விலைச்சீட்டில் தெரியும் என்று சொல்ல முடியாது. அதே உறை, அதே விலை. ஆனால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிகர எடை மட்டும் 100 கிராமிலிருந்து 90 கிராமாக இறங்கியிருக்கும். ஒவ்வொரு கிராமுக்கும் நாம் கொடுப்பது ஏறத்தாழ 11 சதவீதம் கூடிவிட்டது, ஆனால் கையில் எடுக்கும்போது எதுவும் மாறியதாகத் தோன்றாது. வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் எரிபொருளுக்கும் கொடுக்கும் குடும்பத்துக்குத்தான் இது மிகவும் வலிக்கும். தள்ளிப்போடக்கூடிய செலவு என்று அவர்களிடம் அதிகம் இருப்பதில்லை. சிறுகச் சிறுகச் சேமித்தவரின் பணம் தேய்கிறது. நிலையான வட்டியில் பெருங்கடன் வாங்கியவருக்கோ, சம்பளமும் விலையோடு சேர்ந்து ஏறினால், கடன் சுமை குறைகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும்போது, கடையில் எதுவும் குறையவில்லையே என்று மக்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம் 2023 ஜூனில் 3 சதவீதமாக இறங்கியது. அப்படியென்றால் 100 ஆக இருந்த விலை 109 ஆகி, பிறகு ஏறத்தாழ 112 ஆனது என்று பொருள். ஏறும் வேகம்தான் தணிந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. சம்பளம் அந்த 112ஐ எட்டும் வரை அந்தக் குடும்பத்துக்கு நெருக்கடி தீரவில்லை.

இனிக் காரணங்கள். பணவீக்கம் எப்போதும் எங்கும் பணம் சார்ந்த நிகழ்வே என்றார் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். கணக்கின்றிப் பணம் அச்சடித்த 1923இன் ஜெர்மனியையும் 2008இன் ஜிம்பாப்வேயையும் பார்த்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் 2021இல் தொடங்கிய உலகளாவிய விலையேற்றத்தை அந்த ஒரு வாக்கியத்தால் விளக்கிவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் பல அரசுகள் மக்கள் கையில் பணம் கொடுத்தன. பயணம், உணவகம் போன்ற சேவைகளுக்குச் செலவிட வழியில்லாததால் அந்தப் பணம் பொருள்களின் பக்கம் திரும்பியது. அதே சமயம் துறைமுகங்களில் சரக்குப் பெட்டகங்கள் தேங்கின. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் ஆறு நாட்கள் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டது. குறைக்கடத்திச் சில்லுகள் கிடைக்காமல் கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன, பழைய கார்களின் விலை எகிறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் எரிவாயுவும் தானியமும் சேர்ந்துகொள்ள, யூரோ நாடுகளில் அக்டோபரில் பணவீக்கம் 10.6 சதவீதத்தைத் தொட்டது.

அமெரிக்க நிலவரத்தைப் பற்றி பொருளியலாளர்கள் பென் பெர்னான்கேயும் ஒலிவியே பிளான்ஷாரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆரம்ப ஏற்றத்துக்கு எரிபொருள், உணவு, சில துறைகளின் தட்டுப்பாடு ஆகியவையே பெரும்பங்கு வகித்தன என்றும், தொழிலாளர் சந்தையின் இறுக்கம், அதாவது வேலைக்கு ஆள் கிடைக்காத நிலை, முதலில் சிறிய பங்காக இருந்து பின்னர் வளர்ந்தது, அது எளிதில் தணியாதது என்றும் அவர்கள் காட்டினார்கள். லாபத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய விலையேற்றத்தில் கிட்டத்தட்டப் பாதி நிறுவன லாபத்தின் உயர்வாகவே கணக்கில் வந்தது என்று சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர்கள் 2023இல் எழுதினார்கள். கூடுதல் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்கிறது. விலை ஏன் ஏறத் தொடங்கியது என்பதை அதனால் மட்டும் நிறுவ முடியாது. பேராசை 2021இல் புதிதாகப் பிறக்கவில்லை. எல்லோரும் விலையேற்றத்தை எதிர்பார்த்திருந்த நேரம் என்பதால், விலையைக் கூட்டினாலும் வாடிக்கையாளர் போய்விட மாட்டார் என்ற துணிச்சல்தான் புதிது.

லாப ஆசையே காரணம் என்று நம்புவோர் விலைக் கட்டுப்பாட்டைக் கேட்பார்கள். 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் கூலியையும் விலையையும் 90 நாட்களுக்கு உறைய வைத்தார்; 1973இல் மீண்டும் செய்தார். அப்போது கோழித் தீவனம் ஏறிய விலையிலேயே இருக்க, கோழி விற்கும் விலை மட்டும் உறைந்து நின்றதால், வளர்த்தால் நட்டம் என்று கண்ட பண்ணையார்கள் குஞ்சுகளைக் கொன்றார்கள். இருக்கும் பொருளைப் பங்கிடும் ஏற்பாடு இல்லாமல் விலையை மட்டும் பிடித்து நிறுத்தினால், தட்டுப்பாடு புதிதாக உருவாகும். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டன் பங்கீட்டையும் சேர்த்துச் செய்ததால் அங்கே கதை வேறு.

பணமே காரணம் என்போர் வட்டியை உயர்த்தச் சொல்வார்கள். அது பலிக்கும், 1979க்குப் பின் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் காட்டியதைப் போல. ஆனால் வட்டி உயர்வால் ஒரு சில்லுகூட உற்பத்தியாகாது, ஒரு கப்பலும் விரைவாக வராது. வாங்குவோரைக் குறைத்துத்தான் அது விலையை அடக்குகிறது. வோல்க்கரின் காலத்தில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 20 சதவீதத்தை ஒட்டிச் சென்றது, விலையேற்றம் அடங்கியது, 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தை எட்டியது. தட்டுப்பாட்டால் ஏறிய விலைக்கும் அதே வழியைக் கையாண்டால், அந்தத் தட்டுப்பாட்டில் எந்தப் பங்கும் இல்லாத தொழிலாளிகளே வேலையை இழப்பார்கள்.